நெஞ்சுக்கு அறிவிப்பு

லிஃப்ட் மெக்கானிக்கின் இதயம் மூன்று ஆண்டுகளாக நிமிடத்துக்குச் சரியாக அறுபத்து நான்கு முறை துடித்தது. ஒன்று கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. மனைவி பிரிந்துபோன மழைக்காலத்தில் ஆரம்பித்தது அது. ஆறு மாடி ஏறினாலும் அதே துடிப்பு, முடங்கிப் படுத்தாலும் அதே துடிப்பு. சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டதால், பக்கத்து வீட்டு வயலின் ஆசிரியை அதை வைத்தே பிள்ளைகளுக்குத் தாளம் பழக்கினார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மட்டும் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஒழுங்காக ஓடுகிற ஒன்றை யார் நலம் விசாரிப்பார்கள்? குறை சொல்ல அவருக்கும் தெரியவில்லை. குளிப்பதைத் தள்ளிப்போட்டார். தொலைபேசி அடித்தால், அது ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் அவரோடு சேர்ந்து மூன்று மாடி விழுந்து, பிரேக் பிடித்து நின்றது. பயப்பட வேண்டும் என்று மூளைக்குத் தெரிந்தது. நெஞ்சு காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்து, பழுதைப் பார்க்க மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் படியேறியவர் பாதியில் மயங்கிச் சரிந்தார்.

மருத்துவமனையில் டாக்டர் இதயத் துடிப்பு பதிந்த காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். “மனச்சோர்வுங்க. நல்ல இதயம் இவ்வளவு ஒழுங்கா அடிக்காது. மூளை சொல்றதக் கேட்டு ஏறும், இறங்கும். உங்களுக்கு ரெண்டும் பேசிக்கிறதே இல்ல.” மாத்திரை எழுதிக்கொண்டே, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லாததால் மெக்கானிக் அக்காவின் எண்ணைக் கொடுத்தார்.

வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள் அக்கா. மறுநாளே ஒரு பையோடு வந்து இறங்கினாள்.

“போனையே எடுக்காம, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு மெசேஜ் மட்டும் அனுப்புனியேடா!”

“வேற என்ன சொல்றதுன்னு தெரியலக்கா.”

டாக்டர் சொன்னதைக் கேட்டறிந்த அக்கா அவர் நெஞ்சருகே குனிந்து, தன் வேலைக் குரலில் அறிவித்தாள். “கவனிக்கவும். இவன் நேத்து லிஃப்டோட விழுந்தான். செத்தே போயிருப்பான்.”

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முந்தைய நாள் விழுந்ததற்கு மெக்கானிக் அப்போதுதான் அலறினார். பக்கத்து வீட்டில் வயலின் நின்றது. மனைவி போனதை அக்கா நெஞ்சுக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவர் அழுதார்.

விடுப்பு முடிந்து அக்கா திரும்பிப் போனாள். இப்போது அவர் மாத்திரை போட்டுக்கொண்டு, தினமும் காலையில் தொலைபேசியை நெஞ்சில் வைத்துக்கொள்கிறார். முதல் பேருந்துக்கு முன்னால் அக்கா அவருடைய நெஞ்சுக்கான சேதியைச் சொல்லிவிடுகிறாள். அவளுக்குத் தொண்டை கட்டிய நாட்களில் நெஞ்சுக்கு எதுவும் தெரிவதில்லை. அன்றைக்கு அவர் மாடி வேலைகளை ஒத்திவைத்துவிட்டு, தரைத்தளத்து வேலைகளை மட்டும் பார்க்கிறார்.