கீழ்வீட்டுக் குடித்தனம்

பதினோரு ஆண்டுகள் அலுக்காமல் உழைத்த வீடியோ கேம் கன்சோல், ஒரு வியாழக்கிழமை மாலை, பந்தயத்தின் கடைசிச் சுற்றில் லேசான தீய்ந்த வாடையோடு கண்ணை மூடிவிட்டது. அடுத்து வாங்குவது கன்சோலா, கம்ப்யூட்டரா என்னும் வழக்கு அன்றே தொடங்கியது. வாதி தம்பி, வயது ஐம்பத்திரண்டு, லிஃப்ட் மெக்கானிக். பிரதிவாதி அக்காள், ஐம்பத்தெட்டு வயது, அச்சகத்தில் பிழை திருத்துபவர். இருவருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. பெற்றோர் விட்டுச்சென்ற மாடி வீட்டில் ஒருவருக்கொருவர் துணையாக இருந்துவந்தார்கள்.

"கம்ப்யூட்டர்னா படம் கண்ணாடி மாதிரி இருக்கும்க்கா. எது போனாலும் நானே திறந்து மாத்திடுவேன்."

"நீ திறந்து மாத்தின மிக்ஸி இன்னும் பரண்லதான் தூங்குது. கம்ப்யூட்டர் வந்தா நீ மேஜைல போய் உக்காந்துக்குவ. நான் உன் முதுகையே பாத்துக்கிட்டு இருக்கணுமா? கன்சோல்னா சோபா. ரெண்டு பேரும் சேந்து உக்காரலாம்."

அவர்கள் ஆடிவந்த கார்ப் பந்தயத்தில் திரை இரண்டாகப் பிரியும். மேல் பாதி தம்பிக்கு, கீழ்ப் பாதி அக்காளுக்கு. முதல் நாளே அவற்றுக்கு மேல்வீடு, கீழ்வீடு என்று பெயர் விழுந்துவிட்டது. கீழ்வீட்டு அம்மாள் பத்து ஆண்டுகள் மேல்வீட்டுக்காரரை மண்ணைக் கவ்வவைத்தார். கடந்த ஓராண்டாகத்தான் நிலைமை தலைகீழாயிற்று. அக்காளின் கார் சுவரிலும் கம்பத்திலும் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"வீடு மாத்திக்கலாமாடா? நான் மேல்வீட்டுக்கு வரேன்" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

"தோத்துட்டு வீட்டைக் குறை சொல்றியா? இத்தனை வருஷக் குடித்தனம், காலியெல்லாம் பண்ண முடியாது" என்று தம்பி சிரித்தார். அக்காள் மறுபடி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்குக் கிளம்பும்போது அக்காள் திடீரென்று சொன்னார்: "கம்ப்யூட்டரே வாங்கிடுடா."

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "என்னக்கா, வழக்கு வாபஸா?"

"உன் ஆசையும்தான் ஒரு தடவை நடக்கட்டுமே."

மாடிப்படியில் அக்காள் கைப்பிடியை இறுகப் பற்றி, பாதத்தால் படியைத் தடவித் தடவி இறங்கினார். தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது. "மகாராணி இறங்கி வர்றாங்க, வழி விடுங்க!" என்று தம்பி கட்டியம் கூறினார். கொஞ்ச காலமாகவே அக்காளின் நடை அப்படித்தான். அச்சுத் தாள்களைக்கூட மேஜையில் வைக்காமல் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் திருத்தினார். அச்சகத்தில் தலைமைப் பொறுப்பு கிடைத்த மிடுக்கு என்று தம்பி நினைத்திருந்தார்.

கடையில் இருந்த விற்பனைப் பெண் நல்ல மரியாதைக்காரி. "ரெண்டையும் ஒரு தடவை ஆடிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்" என்று சொல்லி, தாழ்வான மேடையில் இருந்த பெரிய டிவிக்கு முன் அவர்களை நிறுத்தி, ஆளுக்கொரு கண்ட்ரோலரைக் கொடுத்தாள். அதே கார்ப் பந்தயம். அக்காள் வேண்டாம் என்றார். தம்பி விடவில்லை.

முதல் வளைவிலேயே கீழ்வீட்டுக் கார் நேராகப் போய்ச் சுவரில் மோதிச் சக்கரம் சுழன்றது. அக்காளோ விறைப்பாக நின்றபடி மேல் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, கீழ்வீட்ல கரண்ட் போச்சா?"

விற்பனைப் பெண் சிரித்தாள். அக்காள் சிரிக்கவில்லை.

"போச்சுடா."

தம்பி திரும்பிப் பார்த்தார்.

"கண்ணு கீழ இறங்க மாட்டேங்குது. கழுத்தும் மடங்கல. நரம்பு டாக்டர்கிட்ட போனேன், ரெண்டு மாசம் ஆச்சு. உன் பாஷைல சொன்னா, லிஃப்ட் மாட்டிக்கிச்சு. மேலயே நிக்குது."

"மாட்டினா இறக்கிடலாம்க்கா. நான் எத்தனை லிஃப்ட்..."

"இதுக்கு ஸ்பேர் கிடையாதாம். இனிமே ஒவ்வொண்ணா நிக்குமாம். கை, அப்புறம் பேச்சு." குரலில் சலனமே இல்லை, பிழைப் பட்டியலை வாசிப்பதுபோல் இருந்தது. "அதான் கம்ப்யூட்டர் வாங்கிக்கச் சொன்னேன். கன்சோல்னா பக்கத்துல ஆள் வேணும். அதுல நீ தனியா உக்காந்து பழகிக்குவ."

திரையில் மேல்வீட்டுக் காரும் சாலையை விட்டு விலகி நின்றுவிட்டது. மூடிய லிஃப்டுக்குள்ளிருந்து யாராவது ஒருமுறை தட்டினாலும் காதுக்குக் கேட்டுவிடும் என்று வேலையிடத்தில் தம்பிக்குப் பெயர். வீடு மாத்திக்கலாமா என்று அக்காள் தட்டியதும் ஒருமுறைதான்.

"சார், எதை எடுத்து வைக்கட்டும்?" விற்பனைப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கன்சோல்."

"பெட்டிக்குள்ள ஒரு கண்ட்ரோலர்தான் இருக்கும். இன்னொண்ணு தனியா வாங்கணும்."

"ஒண்ணு போதும்மா" என்றார் அக்காள்.

"ரெண்டு" என்றார் தம்பி.

அன்று பிற்பகலே தம்பி சுவரைத் துளைத்தார். அக்காளைச் சோபாவில் உட்காரவைத்து, அவருடைய கண்மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு, டிவியின் கீழ் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்கும்படி மாட்டினார். திரை கூரைக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது.

"என்னடா இது, சினிமாக் கொட்டகைல முன் வரிசை மாதிரி?"

"ஒரு மாடி ஏத்தியிருக்கேன். இப்பக் கீழ்வீடு தெரியுதா?"

அக்காள் சற்று நேரம் பார்த்தார். "ரோடு தெரியுது. ஓரத்துல பூச்செடிகூட இருக்கு" என்றார்.

முதல் பந்தயத்தில் அக்காளே ஜெயித்தார். தம்பி விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுத்தால் அக்காளுக்குத் தெரிந்துவிடும். "மண்ணு எப்படி இருக்கு, ருசியா?" என்று அக்காள் கேட்டபோது அந்த வீடு ஒரு நிமிடம் பழைய வீடாக இருந்தது.

இரண்டாவது பந்தயத்தின் வளைவில் சாலை அக்காளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. கட்டைவிரல்தான் தாமதமாக நகர்ந்தது. கார் அவசரமில்லாமல் போய்ச் சுவரில் சாய்ந்தது. அக்காள் தன் விரலைத் தூக்கி, கண்ணெதிரே பிடித்துப் பார்த்தார். பிறகு பொத்தான்மேல் வைத்துக்கொண்டார்.

டிவியை ஏற்றியாயிற்று. அந்த விரலை எங்கே ஏற்றி மாட்டுவது என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

"கழுத்து வலிக்குதாடா?"

"இல்லக்கா."

வலித்தது. அண்ணாந்தே இருந்ததால் கண்ணில் நிறைந்தது கீழே இறங்கவில்லை. அது மட்டும் வசதியாக இருந்தது.

"இன்னொரு ஆட்டம்" என்றார் அக்காள். கடைசிச் சொல் கொஞ்சம் குழறி வந்தது. இருவருமே அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.