பாளத்துக்கு அடியில் ஸ்ரீதேவி

விடாத மழையில் தாராவியில் செல்லத்துரையின் வீட்டு மாடித்தளம் மத்தியானம் இடிந்து விழுந்தது. செம்பூரில் கிரானைட் பதித்துக்கொண்டிருந்தவன் தகவல் கேட்டு வேலைப்பையோடு ஓடிவந்தான்.

அவன் மனைவி ஸ்ரீதேவி மல்லாந்து கிடந்தாள். தொடைக்குக் கீழே முழுதும் கான்கிரீட் பாளம். வீட்டுக்குள் புகுந்த சாக்கடைத் தண்ணீர் காதைத் தொட, எதிர்வீட்டு நஜ்முன்னிசா அவள் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது.

"ஏட்டி, நான் வந்துட்டேன்."

"காலே தெரியலங்க. தண்ணி ஏறுது."

கல் அறுக்கும் பேட்டரி கிரைண்டரில் சிலிக்கான் கார்பைடு டிஸ்கை மாட்டினான். பையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். வைரத்தைவிடக் கொஞ்சம்தான் கடினம் குறைவு. கல்லையும் கான்கிரீட்டையும் தின்னும். பாளத்தில் கோடு இழுத்துக்கொண்டே போனான். முக்கால்வாசி அறுத்தபோது தீப்பொறி பறந்தது. உள்ளே கம்பி.

இரும்பில் பட்டுச் சூடேறினால் இந்த டிஸ்க் மழுங்கித் தேய்ந்துபோகும். வேறு வழியில்லாமல் அழுத்தினான். ஒரு கம்பி அறுந்தது. அடுத்ததில் பாதிகூட அறுபடவில்லை, டிஸ்க் வளையல் அளவுக்குத் தேய்ந்து நின்றது.

"நஜ்மாக்கா, முடியல. போச்சு!"

"அழாதீங்க அண்ணாச்சி! எங்க பட்டறைல இரும்பு அறுக்குற டிஸ்க் கெடக்கு. சுடலைக்கண்ணா, என் இடுப்புல சாவி இருக்கு, உருவிட்டு ஓடு!"

பக்கத்தில் நின்ற சந்துப் பையன் சுடலைக்கண்ணன் சாவியை உருவிக்கொண்டு ஓடினான். அவன் திரும்பும்வரை செல்லத்துரை வெறுங்கையால் கம்பியை வளைத்து வளைத்து இழுத்தான். உள்ளங்கை கிழிந்தது. தண்ணீர் ஸ்ரீதேவியின் வாயோரம் வந்துவிட்டது. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

புது டிஸ்க் வந்ததும் கம்பி சட்டென்று அறுந்தது. பாளத்தை இரண்டாகப் பிளந்து அவளை வெளியே இழுத்தார்கள்.

உயிர் பிழைத்தாள். நசுங்கிப்போன வலது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்ததும், "வலது கால் விரல் அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடுங்களேன்" என்றாள்.

செல்லத்துரை கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் விட்டான். அங்கே வெறும் மெத்தைதான் இருந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது. ஸ்ரீதேவி அவன் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.