விட்ட இடத்திலிருந்து

பயணிகள் விமானம், ராணுவ விமானம், எல்லாம் எங்கள் வீட்டுக்கு மேலேதான் இறங்கும். விமானம் வந்தால் பேச்சை அப்படியே நிறுத்துவோம். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். சண்டைக்கும் அதே சட்டம்தான். போர் விமானம் சட்டென்று போய்விடும், சூடு ஆறாது. சரக்கு விமானமோ ஆமை மாதிரி நகரும். அது போவதற்குள் எனக்குக் கோபமே மறந்துவிடும். என் மனைவி மறக்கமாட்டாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்ததும் இடுப்பில் கைவைத்து, "ம், சொல்லுங்க" என்பாள்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு நானும் தையல் மெஷினும்தான். நேற்று மகளுக்குப் போன் செய்தேன். அவள் இப்போது இருப்பது சத்தமே இல்லாத ஊர்.

"உங்கம்மா இல்லாம சாப்பாடே..." என்று ஆரம்பித்தேன். ஜன்னலில் சாம்பல் நிறத் தொப்பை தெரிந்தது. ராணுவச் சரக்கு விமானம். வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடி ஓயும்வரை போனைக் காதோடு அழுத்திக் காத்திருந்தேன்.

இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது. மகளிடமிருந்து ஒரு செய்தி: "ஒரே இரைச்சல்ப்பா. அப்புறம் பேசறேன்."

இரைச்சலாம்! அதற்குக் கீழேதானே தொட்டிலில் தூங்கினாள்?

போனை வீசாத குறையாக வைத்துவிட்டு ஊசியில் நூலைக் கோத்தேன்.

"ம், சொல்லுங்க" என்றேன், நானே.

"...உள்ள இறங்கலம்மா" என்று மெஷினிடம் முடித்தேன்.