வளைவில் சாயாதவள்

வேலிக்கு வெளியே நின்றபடியே எட்மண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். வேலிக்கு உள்ளே, சர்பத் என்கிற பழுப்புக் குதிரையின் மேல் வட்டமடித்துக்கொண்டிருந்த அவர் மகள் ஜெரூஷாவும் அதே நொடியில் சாய்ந்தாள். வட்டம் முடிந்து குதிரை எதிர்த்திசையில் திரும்பியதும் இருவரும் மறுபக்கம் சாய்ந்தார்கள். மகளாவது குதிரைமேல் இருக்கிறாள், சாய்வதற்கு ஒரு காரணம் உண்டு. மாம்பாக்கத்துப் புழுதியில் இரண்டு காலையும் ஊன்றி நிற்கிற மனிதருக்கு என்ன வந்தது என்று பக்கத்தில் நின்ற ஜமால் பாய்க்குப் புரியவில்லை. தாம்பரத்தில் ஃபர்னிச்சர் கடை வைத்திருப்பவர் அவர். அவருடைய மகள் இரமும் அங்கேதான் குதிரையேற்றம் கற்றுக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், நீங்களும் சேந்து ஓட்றீங்களா? வேலி சாஞ்சிடப்போவுது!"

எட்மண்ட் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. மகள் கற்கிற டிரெஸ்ஸாஜ் என்றால் குதிரையை விரட்டி ஓட்டுவது இல்லை என்பது மட்டும்தான் இந்த ஒன்றரை வருடத்தில் அவருக்குப் பிடிபட்டிருந்தது. எழுத்துப் பலகைகள் நட்ட ஒரு மணல் திடலுக்குள் சொன்ன இடத்தில் திரும்ப வேண்டும், சொன்ன அளவில் வட்டம் போட வேண்டும், சொன்ன புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவர் மார்க் போடுவார். போன தடவை ஜெரூஷாவுக்கு ஐம்பத்திரண்டு சதவீதம். அறுபது வாங்கினால்தான் பெங்களூரில் நடக்கிற ஜூனியர் போட்டிக்குப் போக முடியும். அதுகூடப் பரவாயில்லை. வீட்டில் மனைவி ஜோசலின் தீர்ப்பு எழுதிவிட்டாள். "அடுத்த வருஷம் டென்த். செலக்ட் ஆனா தொடரட்டும், நான் தடுக்கல. ஆகலன்னா இதோட குதிரைக்கு முழுக்கு." ஜோசலின் கணக்கு டீச்சர். அவளிடம் ஐம்பத்தொன்பதே முக்காலை அறுபதாக்க யாராலும் முடியாது.

பயிற்சியாளர் சாஜிதாவுக்கு இருபத்தாறு வயது. திடலின் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "சாயாத ஜெரூ! உள் தோள் கீழ போகுது பாரு! நீ சாஞ்சா சர்பத்தும் உள்ள விழறா. இது வட்டமா? கத்திரிக்கா!"

"நான் சாயவே இல்ல மேம்!" என்று அங்கிருந்து அழுகைக் குரல் வந்தது. பொய் இல்லை. சாய்வது அவளுக்குத் தெரியவே இல்லை. நேராக இருப்பதாகத்தான் அவள் உடம்பு அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜமால் பாய் சொன்னது காதில் விழுந்து சாஜிதா திரும்பினாள். எட்மண்ட் சாய்ந்த வாக்கில் இருந்தார். ஜெரூஷாவைப் பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அதே தோள், அதே சாய்வு, முகவாயை மார்போடு ஒட்டி வைத்துக்கொள்வதுகூட அச்சு அசல்.

"அங்கிள், நீங்க ரெண்டு பேரும் இங்க எதுல வர்றீங்க?"

"பைக்லதான். ஊரப்பாக்கத்துலருந்து. ஏன்?"

"பின்னாடி ஜெரூ எப்படி உக்காருவா?"

இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர் போல எட்மண்ட் நிமிர்ந்தார். தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிற அவருடைய வாழ்க்கையில் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்று உண்டென்றால், லைசென்ஸ் எடுக்கப் போன அன்று காலைத் தரையில் ஊன்றாமல் ஒரே முயற்சியில் எட்டு போட்டதுதான். "சின்ன வயசுலேயே சொல்லிக் குடுத்துட்டேன்மா. டாடி எந்தப் பக்கம் சாயறேனோ அந்தப் பக்கம் நீயும் சாயணும்னு. அவள மாதிரி பின்னாடி உக்கார ஒரு ஆள் கிடைக்காது. வண்டில ஆள் இருக்கறதே தெரியாது." கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தணித்துச் சேர்த்துக்கொண்டார். "இங்க ரெண்டு வட்டம் போடறதும் எட்டு மாதிரிதானே. சாஞ்சி குடு, தானா திரும்பும்னு நான்கூட ஒரு டிப்ஸ் குடுத்தேன்."

சாஜிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பொத்தாமலே சிரித்தாள். ஜமால் பாய் வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"அங்கிள், பைக் சாஞ்சாதான் திரும்பும். குதிரைக்கு நாலு கால் இருக்கு. மேல உக்காந்திருக்கவங்க நேரா இருந்தாதான் அது தன் காலை ஒழுங்கா வைக்கும். டெஸ்ட் முடியற வரைக்கும் பைக்ல கூட்டிட்டு வராதீங்க, ப்ளீஸ்."

எட்மண்டுக்குச் சுருக்கென்றது. பிள்ளைக்குத் தான் ஆசையாகச் சொல்லிக் கொடுத்த ஒரே வித்தை அது. அதுவே அவள் காலை வாரிவிட்டிருக்கிறது. மறுநாள் பைக்குக்கு உறை போட்டு மூடினார்.

பிறகு பஸ்தான். வண்டலூர் வரை ஒன்று, அங்கிருந்து கேளம்பாக்கம் போகிற பஸ்ஸில் ஏறி மாம்பாக்கம். பஸ்ஸில் ஜெரூஷா ஒன்றைக் கண்டுபிடித்தாள். கம்பியைப் பிடிக்காமல் நின்றால் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு எங்கே ஓடப் பார்க்கிறது என்று தெரிந்தது. வளைவில் சாயப் போனால் ஒரு காலில் மட்டும் பாரம் இறங்கித் தடுமாறினாள். முழங்காலைத் தளர்த்தி, குதிகாலில் எடையை இறக்கி, இடுப்புக்கு மேலே நேராக வைத்தால் பஸ்தான் ஆடியது, அவள் ஆடவில்லை.

"யம்மா, கம்பிய புட்ச்சிக்கம்மா! வுயுந்து வச்சீன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் கண்டக்டர்.

"விழ மாட்டா சார், அவ குதிரை ஓட்டறவ," என்றார் எட்மண்ட்.

"இது பஸ்ஸு சார்!"

கண்டக்டருக்காக ஒரு விரலைக் கம்பியில் ஒப்புக்கு வைத்துக்கொண்டாள். வட்டத்துக்கும் பஸ்ஸே வழி சொல்லியது. ஒரு நிறுத்தத்தில் நிற்கும்போதே டிரைவர் அடுத்ததைப் பார்த்துவிடுகிறார் அல்லவா, அதுபோல வட்டத்தின் ஒரு புள்ளியைத் தொடுவதற்கு முன்பே கண் அடுத்த புள்ளிக்குப் போய்விட வேண்டும். குதிரையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கத்திரிக்காய்தான். இதைச் சாஜிதா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இப்போதுதான் அது அவள் உடம்பில் இறங்கியது. வாராவாரம் வட்டத்தின் வயிறு சரியானது. ஆனால் அவசரத்தில் பழைய தோள் எட்டிப் பார்த்துவிடும். எட்மண்ட் வேலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் சாய்ந்தால் அவளும் சாய்ந்துவிடுவாள் என்று எங்கோ ஒரு பயம்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. வண்டலூரில் கேளம்பாக்கம் பஸ் வரவில்லை. ஆட்டோவும் சிக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எட்மண்ட் மகளை அங்கேயே நிற்கவைத்துவிட்டு ஊரப்பாக்கத்துக்கு ஓடி, உறையை உருவிப் போட்டுவிட்டு, பைக்கோடு வந்து நின்றார். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

"ஏறு. நான் எப்படிப் போனாலும் நீ நேரா உக்காரு. டாடியப் பாக்காத. ரோட்டப் பாரு."

பின்னால் ஆள் இருப்பதே தெரியாது என்று பெருமையடித்தவருக்கு அன்று நன்றாகவே தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் அவரோடு வர மறுத்தாள், வண்டி முரண்டு பிடித்தது. கடைசியில் அவர் சாயாமலே ஓட்டத் தொடங்கினார், நடக்கிற வேகத்தில். பின்னால் தண்ணி லாரி ஹாரனை அலறவிட்டது. ஒரு கையை மட்டும் தூக்கித் தண்ணி லாரிக்குக் கும்பிடு போட்டார்.

அவள் முறை வந்தபோது திடல் முழுக்க அமைதி. ஏ என்ற பலகையருகே சர்பத் உள்ளே நுழைந்தது, கோடு போட்டதுபோல் நடுவே வந்தது. திடலின் மையத்துக்குப் பலகை கிடையாது, மனத்தால்தான் அளந்துகொள்ள வேண்டும். ஜெரூஷா அளந்தாள். குதிரை நின்றது. நாலு காலும் சதுரமாக, ஒரு காதுகூட ஆடவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு அவள் துள்ளுநடையில் கிளம்பினாள்.

முதல் வட்டம். எட்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார். முடியவில்லை, திறந்துவிட்டார். தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. முகவாய் நிமிர்ந்து, கண் அடுத்த புள்ளியில். சர்பத் ஒரு முறை உள்ளே நழுவப் பார்த்தது. பழைய ஜெரூஷா என்றால் கூடவே விழுந்திருப்பாள். இவள் அசையாமல் உட்கார்ந்து, உள் காலால் மெல்ல அழுத்தினாள், குதிரை பிழையைத் திருத்திக்கொண்டு வெளியே வந்தது. வட்டம் மூடியது. மறுபக்க வட்டம் அதைவிட அழகு. நெஞ்சு வெடித்துவிடும் போல எட்மண்டுக்குச் சந்தோஷம் பொங்கியது. பக்கத்தில் ஜமால் பாய், தன் மகள் அடுத்துப் போகப் போவதையும் மறந்து, "அல்லா, அல்லா," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் முடிந்ததும், "இன்னிக்கி நீங்க சாயவே இல்ல."

அறுபத்துநாலு என்று ஒலிபெருக்கியில் வந்தது. சாஜிதா ஓடி வந்து ஜெரூஷாவைக் கட்டிப்பிடித்தாள், ஜெரூஷாவின் ஹெல்மெட் அவள் நெற்றியில் இடித்தது. எட்மண்ட் ஜோசலினுக்கு ஃபோன் போட்டார். எண்ணைச் சொன்னார். "அறுபத்துநாலா? முழுசா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். "கூட்டிட்டு வாங்க. பிரியாணிக்கு அரிசி ஊறப்போடறேன்."

திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. வண்டலூரில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குத் திரும்புகிற வளைவில் எட்மண்ட் பழக்கதோஷத்தில் சாயப் போய், கண்ணாடியைப் பார்த்தார். மகள் முதுகெலும்பு நிமிர, இரண்டு கையையும் கடிவாளம் பிடிப்பதுபோல் மடிக்கு மேலே வைத்துக்கொண்டு, அடுத்த சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் தோளை இறக்கி நிமிர்ந்துகொண்டார். பின்னால் ஆட்டோக்களும் பஸ்களும் கூப்பாடு போட, அப்பாவும் மகளும் ஆணி அடித்ததுபோல் நேராக உட்கார்ந்திருக்க, பைக் பெரிய ரோட்டுக்குள் மெல்ல, அகலமாக, ஒரு வட்டத்தின் கால்வாசியை வரைந்துகொண்டு திரும்பியது.