சீதனம் கேட்காத மாப்பிள்ளை

மாத்தளையில் தையல் கடை வைத்திருந்த ஸக்கரியாவின் இளைய மகள் கைறுன்னிஸாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தை விட்டபின் காதல் கதைப்புத்தகங்கள்தான் அவள் உலகம். அவற்றில் வரும் பணக்கார நாயகன் முதலில் முகம் கொடுத்துப் பேசமாட்டான்; சுடுசொல் சொல்வான். ஏழைப்பெண் பொறுத்துக்கொள்வாள். கடைசி அத்தியாயத்தில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவான்.

அதனால்தான், 1959இல் யட்டவத்தப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்த அப்துல் ஸமத் தேநீரைத் தொடாமல், ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்துபோனபோது அவள் பயப்படவில்லை. அவருக்கு மிளகும் கொக்கோவும் விளையும் தோட்டம் இருந்தது. முதல் மனைவி காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் என்றார்கள். சீதனம் எதுவும் வேண்டாமென்று சொல்லியனுப்பினார். ஸக்கரியாவால் அதை நம்பவே முடியவில்லை.

மூத்தவள் ஸுலைஹா மட்டும் தங்கையைத் தனியே அழைத்தாள்.

"அந்த மனுசன் உன் முகத்தப் பாக்கல்ல. நம்ம வீட்டு உடஞ்ச கூரை ஓட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

கைறுன்னிஸா சிரித்துவிட்டாள்.

நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள் வாசல் கேட்டுக்குப் பூட்டு வந்தது. பிறகு, பாதையைப் பார்த்த ஜன்னலுக்கு ஆணி அடித்தார். உம்மாவுக்கு அவள் எழுதிய கடிதங்கள் அவருடைய சட்டைப்பையிலேயே மடிந்து கிடந்தன. கேட்டபோது, "தையக்காரன் மகளுக்கு இந்த வீடு காணாதா?" என்றார். குரல் உயரவே இல்லை. அவளோ அவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில், தேங்காய் துருவிக்கொண்டிருந்த வேலைக்காரி ஹவ்வாவிடம், அவர் உள்ளுக்குள் நல்லவர், ஒருநாள் மாறிவிடுவார் என்று சொன்னாள். ஹவ்வாவின் கை நின்றது.

"முந்தினவங்களும் இதேதான் சொல்வாங்க."

"அவங்க காய்ச்சல்லதானே மவுத்தானாங்க?"

ஹவ்வா துருவலைக் கீழே வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் வளவிலிருந்த கிணற்றைப் பார்த்தாள். அது பலகை அறைந்து மூடியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும், கொக்கோ மரங்களுக்கிடையே நடந்து இருவரும் எல்லை வேலிக்குப் போனார்கள். ஹவ்வா முள்ளுக்கம்பியைத் தூக்கிப் பிடிக்க, கைறுன்னிஸா குனிந்து வெளியேறி மாத்தளைக்கு பஸ் ஏறினாள்.

அன்று மாலையே அவருடைய கார் தையல் கடை வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கி நின்றார். ஊர் என்ன சொல்லும், போய்விடு மகள் என்று ஸக்கரியா கெஞ்சினார்.

"கிணத்த ஏன் மூடினாருன்னு கேளுங்க வாப்பா," என்றாள் அவள். "பதில் சொன்னா போறேன்."

ஸக்கரியா வெளியே போய்க் கேட்டார். அப்துல் ஸமத் திரும்பிக் கார்க் கதவைத் திறந்தார். ஏறிப் போய்விட்டார். அதன்பின் ஸக்கரியா மகளைப் போகச் சொல்லவில்லை.

முஸ்லிம் விவாக வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் நடையாய் நடந்து விவாகரத்து வாங்க கைறுன்னிஸாவுக்கு இரண்டு வருடமானது. அடுத்த மாதமே, அலுவிகாரையில் கூலி வேலை செய்யும் பதுர்தீனின் மகள் மஸீனாவை அப்துல் ஸமத் பேசி முடித்தார் என்று கேள்விப்பட்டாள். சீதனம் வேண்டாமாம்.

கைறுன்னிஸா அக்காவைக் கூட்டிக்கொண்டு அலுவிகாரைக்குப் போனாள். பூட்டு, ஜன்னல், கடிதங்கள், கிணறு எல்லாவற்றையும் சொன்னாள். மஸீனா மரியாதையாகக் கேட்டு, தேநீர் கொடுத்தாள்.

"அவரோட பழக உங்களுக்குத் தெரியல்ல போல," என்றாள் மெதுவாக.

அடுத்த ஞாயிறு நிக்காஹ் நடந்தது.