ஏழாம் நம்பர் பட்டை

வேர்வையில் உப்பு ஏற ஏற வெளிச்சம் மங்க வேண்டும். அந்தப் பட்டையின் வேலை அவ்வளவுதான்.

மணிக்கட்டில் கட்டும் மெத்தென்ற சிலிக்கோன் ரப்பர். ஒரு முனையில் கடுகளவு விளக்கு. ஒளி ரப்பருக்குள்ளேயே ஓடி மறுமுனைக்கு வரும். நடுவில் ஒரு சாயப்பூச்சு; வேர்வை ஊறி அதைத் தொட்டால், உப்புக்குத் தக்கபடி அது ஒளியைக் குடிக்கும். தண்ணீர் குடிக்காமல் கரும்பு வெட்டுகிறவன் சுருண்டு விழுவதற்கு முன்னால் பட்டை சொல்லிவிடும் என்பது கணக்கு. வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சுவேதாவுக்கு அதை வார்க்கும் வேலை.

கரியமாணிக்கம் கிராமத்தில் கரும்பு வெட்டுகிற ஆட்களுக்குப் பட்டை கொடுத்திருந்தார்கள். ஏழாம் நம்பர் கலைவேந்தன். அவள் புருஷன்.

தை மாசம், சோறு தின்றுகொண்டிருந்தபோது சொன்னான்: "நாங்க வெயில்ல வேவறோம். நீ ஏசில குந்திக்கினு எங்க வேர்வய அளக்கிற." அவள் பாதிச் சோற்றில் எழுந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு இரண்டு பேரும் போன் போடவில்லை. மேஸ்திரியின் போன் வழியாக அவன் வேர்வை மட்டும் தினமும் அவள் கணினிக்கு வந்தது. எப்போது தண்ணீர் குடித்தான், எப்போது நிழலில் உட்கார்ந்தான், எல்லாம் தெரிந்தது. அவளை நினைத்தானா என்பதற்கு அதில் கோடு இல்லை.

மாசி வெயில் ஏறிய ஒரு நாள் கணினித் திரையில் ஏழாம் நம்பர் கோடு தரையோடு படுத்தது. மேஸ்திரி சாமிக்கண்ணு போனை எடுக்கவில்லை. பேராசிரியர், "போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றார். பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. கரும்புத் தோகைமேல் அவன் குப்புறக் கிடப்பதுபோலவே கண்ணுக்குள் நின்றது.

அவன் நின்று வெட்டிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் கரும்புக் கட்டு கட்டிக்கொண்டிருந்த ருக்குமணி நிமிர்ந்தாள். "இன்னாடி, வேர்வய அளக்க வந்தியா, குடத்துல மொண்டுக்கினு போவ வந்தியா?"

சுவேதா நேரே போய் அவன் கையைப் பிடித்தாள். வழுக்கியது. முழங்கையிலிருந்து விரல்வரை தேங்காய் எண்ணெய், பட்டைமேலும்.

கரும்புத் தோகை கையை அறுத்த இடம் அரிக்கும். அதற்கு எண்ணெய் பூசுவது வெட்டுகிறவர்கள் வழக்கம். ஆனால் ரப்பரில் எண்ணெய் பட்டால் ஒளி உள்ளே நிற்காது, எண்ணெய்க்குள் கசிந்துவிடும். பட்டை கட்டிய அன்றே எல்லாரையும் உட்காரவைத்து இதைச் சொல்லியிருந்தாள். அவனும் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"எண்ணெ பட்டா வெளக்கு போயிடும்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"அப்புறம் ஏன்யா பூசின?"

"அரிச்சுது."

"மத்தவங்களுக்கு அரிக்கலியா?"

அவன் கத்தியின் வாயைப் பார்த்தான். ருக்குமணிதான் சொன்னாள்: "நேத்து வரைக்கும் அவனுக்கும் அரிக்கலடி."

வரப்போரம் உட்காரவைத்து, சோப்புத்தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். பட்டையைத் துடைத்தால் போதும். அவள் முழங்கைவரை துடைத்தாள். விரலிடுக்கையும் விடவில்லை. புதுசாக நாலைந்து கீறல். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எளச்சிட்ட," என்றாள்.

"நீ மட்டும் இன்னாவாம்."

அவ்வளவுதான் பேச்சு. மறுபடி பட்டையைக் கட்டியபோது முனையில் வெளிச்சம் வந்தது. எண்ணெய்தான் காரணம் என்று பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினாள். போன் அடித்தது. ஸ்பீக்கரில் பேராசிரியர்: "ஏழு வந்துடுச்சும்மா, கிளம்பி வா. எண்ணெ புட்டி இருந்தா கையோட வாங்கிட்டு வந்துடு."

கலைவேந்தன் பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை.

வாங்கினாள். பாதிக்குமேல் இருந்தது. அதை அவன் பையிலேயே, சோத்து டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

"மூடிய நல்லா திருவு," என்றாள். "ஊத்திக்கப் போவுது."