ஏழாம் நம்பர் பனியன்

சங்கம் வளர்த்த மதுரை இனி உலகக் கூடைப்பந்தையும் வளர்க்கும் என்று மாட்டுத்தாவணியில் நாற்பதடி ஃப்ளெக்ஸ் முழங்கியது. அதன் நிழலில் பூ வியாபாரிகள் சம்பங்கி மூட்டையை இறக்கிவிட்டு டீ குடித்தார்கள்.

"யாருண்ணே இது, இம்புட்டு ஒசரத்துல தொங்குறது?"

"கவுன்சிலர் மகனா இருக்கும். வேற யாருக்குய்யா இம்புட்டுப் பெருசா வைப்பாக?"

கூடை வளையத்தைப் பிடித்துத் தொங்கிய உடம்பு என்னுடையது. ஒட்டியிருந்த முகம் ஜெயபாண்டியுடையது.

எங்கள் மிஷன் பள்ளியின் பழைய மாணவர் அணியில் பத்துப் பேர். பனியன் ஐந்து. "ஆடுறது அஞ்சு பேருதானப்பா" என்று தாளாளர் லாசர் சார் சொல்லிவிட்டார். ஆள் மாறினால் பனியனும் மாறும். ஏழாம் நம்பர் எனக்கும் ஜெயபாண்டிக்கும். அவன் நனைத்துக் கழற்றிக் கொடுப்பான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டுவேன்.

சென்னையில் ஒரு தொழில்முறை அணி ஆள் எடுத்தபோது எனக்குக் கணுக்கால் சுளுக்கு. ஜெயபாண்டி மட்டும் கிளம்பினான்.

"மாப்ள ஆன்சன், நீ எம்பி வளையத்துக்குள்ள பந்தை அமுக்கி டங்க் போட்ட வீடியோவையும் சேத்துக் காட்டுறேன். பின்னாடி இருந்து எடுத்ததுதான, நம்பர்தான் தெரியும். நான் உள்ள போயிட்டா அடுத்த ஆளு நீதான். மாதா சத்தியம்."

அவன் குடும்பத்துக்குக் குலசாமி கருப்பு. மாதா மீது ஏன் சத்தியம் செய்கிறான் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அவனை எடுத்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்துப் பள்ளியில் அவனுக்குப் பாராட்டு விழா; அந்த ஃப்ளெக்ஸும் அதற்குத்தான். அந்த சீசனில் ஜெயபாண்டி மொத்தம் பதினோரு நிமிடம் ஆடியிருந்தான். "அந்தப் பதினோரு நிமிடமும் இந்தியாவே மூச்சு விடவில்லை" என்றார் லாசர் சார். மேடையில் அவன் அணியின் கோச்சும் இருந்தார். இன்னும் ஒரு இடம் காலி. இருபத்து மூன்று வயதுக்குள் புதுமுகம் வேண்டுமாம். எனக்கு அடுத்த மாதம் இருபத்து மூன்று முடிகிறது. "உன்னப் பத்தி மேடையிலேயே சொல்றேன், பக்கத்துலயே நில்லு" என்று ஜெயபாண்டி போனில் சொல்லியிருந்தான். நின்றேன்.

கோச் மைக்கைப் பிடித்தார். "ஜெயபாண்டி, அந்த வீடியோல போட்டியே, அந்த டங்க். இன்னைவரைக்கும் எங்களுக்குப் போட்டுக் காட்டலையே? சொந்த ஊர்ல ஒண்ணு போடு."

ஜெயபாண்டி முழங்காலைத் தடவினான். "மூட்டு வலி, கோச்."

கூட்டம் 'உச்' கொட்டியது. கோச்சின் பார்வை என் மேல் விழுந்தது. "இவர் நல்ல உயரமா இருக்காரே. ஆடுவாரா?"

எட்டு மாதமாக நான் காத்திருந்த கேள்வி. ஜெயபாண்டி என்னைப் பார்த்தான். நான் ஒரு தடவை எம்பினால் அந்த வீடியோவில் இருப்பது யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

"ஆன்சனா? ஒசரம் மட்டுந்தான் கோச். ஸ்கூல்ல ஃபேன் மாட்டணும்னா கூப்பிடுவோம்" என்றான் ஜெயபாண்டி.

எல்லோரும் சிரித்தார்கள். லாசர் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பேண்ட் செட் தொடங்கிவிட்டது. கோச்சுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

கார் போனதும் ஜெயபாண்டி என் தோளில் கை போட்டான். "கோவிச்சுக்காத மாப்ள. அடுத்த வருசம் பாப்போம்."

"அடுத்த மாசம் எனக்கு இருபத்து மூணு முடியுதுடா."

"அப்படியா? அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே மாப்ள!"

போனை உயர்த்திப் பிடித்து, "சிரி" என்றான்.

சிரித்தேன். அந்தப் படம்தான் இன்றும் என் வாட்ஸ்அப் டிபி.